பூட்டு மேடம்

"கட் பண்ணிட்டாங்க சார்! அக்கா பேசிட்டு இருக்கும்போதே கட் பண்ணிட்டாங்க!"

சின்ன டீச்சர் மடிக்கணினியைப் பிடித்து உலுக்காத குறை. ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் இருந்த சரித்திர சார் எட்டிப் பார்த்தார்.

திரையில் பல பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், கட்டம் கட்டமாக. வேலை, வீடு, மருத்துவம், படிப்பு எல்லாமே மனிதருக்கு உரிமை என்று ஆய்வு செய்து அரசுகளுக்கு எடுத்துச் சொல்லும் வலையமைப்பு அது. இன்று முதன்முறையாக ஒரு தொழிலாளியே பேச வந்திருந்தாள். ஆயத்த ஆடை ஆலையில் தையல் வேலை பார்க்கும் அக்கா. முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல்.

அந்த ஆலையைப் பற்றி வலையமைப்புக்கு ஆய்வு எழுதியவள் சின்ன டீச்சர்தான்; அக்காவைச் சம்மதிக்க வைக்க நடையாய் நடந்திருந்தாள்.

"வாயக் குடுத்து வேலை போச்சுன்னா, என் புள்ளைங்களை நீங்களா டீச்சர் பாப்பீங்க?"

"நான் பொறுப்புக்கா. ஒண்ணும் ஆகாது."

அந்த வார்த்தையை நம்பித்தான் அக்கா பேசினாள். ஒரு வரிசைத் தையல்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே ஓர் அட்டை. அது கையில் இருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். "அட்டை திரும்பி வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டுத் தைக்கணுங்க. நான் மாசமா இருந்தப்போ ஒருநாள்..."

அத்தோடு சத்தம் நின்றது. அக்காவின் கட்டமும் மறைந்தது.

"மன்னிக்கணும், தொடர்பு போயிடுச்சு. அடுத்தவர் பேசலாம்," என்றார் தலைமை வகித்த பேராசிரியை. யார் பேச்சையும் பாதியில் நிறுத்துவதில் பேர் போனவர். முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவர் 'பூட்டு மேடம்'.

சின்ன டீச்சரின் போனில் அக்காவின் செய்தி வந்து விழுந்தது: "என்னை வெளிய அனுப்பிட்டாங்கன்னு வருது டீச்சர். தப்பா பேசிட்டேனா?"

பொறுக்க முடியவில்லை. ஒலிவாங்கியைத் திறந்தாள்.

"தொடர்பு போகலை மேடம், நீங்கதான் வெளியேத்தியிருக்கீங்க! கழிப்பறைன்னா காது கூசுதா? தொழிலாளியைப் பத்திக் கட்டுரை எழுதுவோம், தொழிலாளி வாயைத் திறந்தா பூட்டு போடுவோமா?"

'வெட்கக்கேடு' என்று திரையோர அரட்டைப் பெட்டியில் ஒருவர் எழுதினார். 'தலைவர் விலக வேண்டும்' என்று இன்னொருவர்.

பூட்டு மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் தப்புதான். அடுத்தவர் பேசலாம்."

"பாத்தியா, ஏன்னு சொல்லவே இல்லை," என்றார் சரித்திர சார். "உரிமையெல்லாம் மேடையோட சரி. கீழே இறங்கினா செருப்பு மாதிரி கழட்டி விட்டுருவாங்க."

அக்காவை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தபோது போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

கூட்டம் முடிந்ததும் போன் அடித்தது. பூட்டு மேடம்.

"அக்கா போனை எடுக்கலை மேடம்..."

"நான்தான் அணைச்சு வைக்கச் சொன்னேன். பத்திரமா இருக்காங்க. நடுவுல ஒருத்தர் உள்ள வந்தாரே, கவனிக்கலையா? அந்த ஆலையோட பணியாளர் அதிகாரி. உன் ஆய்வுலயே அவர் பேர் இருக்கு. அந்த வரிசையில மாசமா இருந்தது ஒரே ஒருத்தர்னும் நீதான் எழுதியிருக்க. அக்கா இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தா ஆளு தெரிஞ்சிருக்கும்."

சின்ன டீச்சர் தன் ஆய்வுக் கோப்பைத் திறந்து அந்தப் பேரைத் தேடினாள்.

"அவரையே வெளியேத்தியிருக்கலாமே மேடம்?"

"வெளியேத்தினா, பேசுறது அவரோட ஆலை ஆள்தான்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"எல்லாரும் உங்களைத் திட்டும்போதாவது சொல்லியிருக்கலாம்..."

"அவர் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாரேம்மா."

"ஆனா உறுப்பினர்களுக்கு மட்டும்னுதானே கூட்டம்? அவர் எப்படி..."

மேடம் குரலைத் தாழ்த்தினார்.

"நீ பெருமையா உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கெல்லாம் அழைப்பை அனுப்பினியே, உள்ள வர்ற இணைப்போட சேர்த்து? அதுலேர்ந்துதான். அந்த இணைப்பை அனுப்பினது நான்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன். நீயும் அப்படியே சொல்லிடு. அவங்க உன்னை நம்பினாத்தானேம்மா திரும்பவும் வாயைத் திறப்பாங்க?"