உடம்பின் கனம்

தளர விட்ட உடம்பைத் தூக்குவதுதான் கஷ்டம்.

முரண்டு பிடித்தால் இழுத்தாவது போய்விடலாம். இந்தப் பெண்கள் முரண்டு பிடிக்கவில்லை. நகராட்சி அலுவலக வாசலில் மல்லாந்து படுத்து, கை கால்களைத் தளர விட்டிருந்தார்கள். ஒருத்தியைத் தூக்க நான்கு பெண் காவலர்கள் வேண்டியிருந்தது.

குப்பை அள்ளும் வேலையைக் காண்ட்ராக்ட்டுக்கு விடாதே என்று ஒரு வாரமாக அங்கேயே கிடந்தவர்கள். மதியத்துக்குள் இடம் காலியாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

அந்தக் காவலர்களில் ஒருத்தியாக இவளும் தூக்கினாள். காலையிலிருந்து தூக்கிக்கொண்டேதான் இருந்தாள்.

கக்கத்தில் கை கொடுக்க வேண்டும். புடவை விலகினால் இழுத்துவிட வேண்டும். முகத்தைப் பார்க்கக் கூடாது. கடைசி விதி இவளே போட்டுக்கொண்டது.

அடுத்தவளின் கக்கத்தில் கை கொடுத்தபோது அந்த விதி தவறிப்போனது.

பவுனம்மா.

போலீஸ் குவார்ட்டர்ஸ் தெருவைப் பெருக்குகிறவள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு இவள் வீட்டோடு கிடந்த நாட்களில், கேட்காமலே மாடியேறி வந்து குப்பைக் கூடையை எடுத்துப் போனவள்.

பவுனம்மா கண்ணைத் திறந்தாள். பார்வை இவள் பெல்ட்டில் வந்து நின்றது.

"நீ தூக்காத கண்ணு. தையல் போட்ட வயிறு. நானே எழுந்து வரேன்."

எழுந்தாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். நடந்து போய் போலீஸ் வேனில் ஏறிக்கொண்டாள்.

தரையில் கிடந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். காலையிலிருந்து ஒருத்தி கூடத் தன் காலால் நடந்து வேன் ஏறியிருக்கவில்லை. யாரோ காறித் துப்பினார்கள். வேனுக்குள் பவுனம்மாவுக்கு யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றாள். ஏன் எழுந்தேன் என்று அவள் வாய் திறக்கவில்லை.

இவளும் திறக்கவில்லை. கேவலமாக இருந்தது.

இன்ஸ்பெக்டருக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"பேசியே எழுப்பிட்ட பாரு. மத்தவங்க ஆளும் பேருமா மல்லுக்கட்டுறாங்க. மிச்சப் பேர்கிட்டயும் நீயே போய்ப் பேசும்மா."

அடுத்துக் கிடந்தவள் சின்னப் பெண். கண்களை இறுக்கி மூடியிருந்தாள். இமைகள் மட்டும் துடித்தன.

இவள் குனிந்தாள். என்ன பேசுவது? தார்த் தரையின் சூடு முகத்தில் அடித்தது. வேன் ஜன்னலில் கம்பியைப் பிடித்திருந்த கை தெரிந்தது. கண்ணாடி வளையல், காய்ப்பு ஏறிய விரல்கள்.

அலுப்பாக இருந்தது. உடம்புக்கு மட்டும் இல்லை.

குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். "என்னம்மா, வயிறு வலிக்குதா?"

நல்ல மனிதர்தான். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஜீப்பில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வேலைக்கும் ஒன்றும் ஆகாது.

வலிக்கத்தான் செய்தது.

இல்லை என்று தலையாட்டினாள்.

தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் சாய்ந்து படுத்தாள். கை கால்களைத் தளர விட்டாள்.

கூட வந்த காவலர்கள் இவளைச் சுற்றி நின்றார்கள்.

யார் முதலில் குனிவது என்று தெரியவில்லை.