உப்புக்குத் தோற்ற ரீல்

"என்ன தெயா, சாகாவரம் வாங்கின உன் ரீல் செத்துப்போச்சு போலிருக்கே?"

ஒல்மேதோ வேண்டுமென்றே உரக்கக் கேட்டார். பெதாசி கடற்கரையில் கூடியிருந்த கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

தெயானிரா தன் கயாக்கை, அந்த ஒற்றையாள் துடுப்புப் படகை, மணலில் இழுத்துப் போட்டாள். மீன்பிடிப் போட்டி முடிந்து மணி அடித்தாகிவிட்டது. கடைசியாகக் கரை சேர்ந்தவள் அவள்தான். கயாக்கில் ஒரு மீன்கூட இல்லை. தூண்டிலில் நரம்பைச் சுற்றி இழுக்கும் ரீலின் கைப்பிடி முறிந்த கை மாதிரி தொங்கியது.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால், பாவம் என்று விட்டிருப்பார்கள். ஆனால் தெயானிராவின் வாய் அப்படி. ஊரில் ரீல் பழுது பார்ப்பவள் அவள்தான். "கயாக்குல உட்கார்ந்தா கப்பல்ல போற மாதிரியா? ஒவ்வொரு அலையும் ரீலைக் குளிப்பாட்டும். காப்பாத்தத் தெரியாதவன் கடலுக்கே வரக் கூடாது. நான் கழுவி எண்ணெய் போட்ட ரீல் எனக்கு அப்புறமும் ஓடும்!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

புது ரீல் விற்கும் ஒல்மேதோவின் கடை வாசலிலேயே நின்று, "பழசே போதும், போய்யா" என்று ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இன்று அவர் விடுவாரா?

"எல்லாரும் நல்லாப் பார்த்துக்குங்க! பழசைத் தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டினா இதான் கதி. நாளைக்குக் காலையில கடை திறந்திருக்கும்."

"உப்பு உள்ளே போயிடுச்சு. கழுவ மறந்துட்டேன்" என்றாள் தெயானிரா, தலையை நிமிர்த்தாமல்.

"மறந்துட்டியா? நீயா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அக்கா, என் ரீலும் உன்கிட்டதான் இருக்கு. அதையாவது திருப்பிக் குடுத்துடு!" என்று கத்தினான் ஒருவன்.

தெயானிராவின் முகம் சிவந்தது. ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பித் தருகிறவள், இன்று குனிந்து கயாக்கின் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள்.

போட்டியை நடத்தும் மீனவர் சங்கத்தின் தலைவி எலோய்சா கையைத் தட்டினாள்.

"போதும், விடுங்கப்பா. பரிசைப் பார்ப்போம். இந்த வருஷம் கோப்பை எவேலியோவுக்கு!"

மர நிழலில் தராசுக் கொக்கியில் அவன் பிடித்த பார்கோ மீன் செக்கச் செவேலென்று தொங்கியது. அவ்வளவு பெரிய மீன் அந்தப் போட்டியில் வந்ததே இல்லை.

எவேலியோ விரல் நீள மீனைப் பிடித்தாலே ஊரைக் கூட்டுகிறவன். இன்று கோப்பையை வாங்கக் கை நீட்டவில்லை. தெயானிராவையே பார்த்தான். அவள் வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள்.

"எலோய்சா அக்கா, மீனை இறக்குங்க" என்றான்.

"ஏன்டா?"

"நான் சிவப்பு மிதவையைத் தாண்டி, பாறைப் பக்கம் போயிட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மிதவையைத் தாண்டினால் போட்டியிலிருந்து நீக்கம். அதைவிட, எவேலியோவின் அண்ணனை அந்தப் பாறைகள்தான் கொண்டுபோயின. கூட்டத்தில் நின்றிருந்த எவேலியோவின் மனைவி இட்செல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எவேலியோ, பேசாம கோப்பையை வாங்கிட்டு வீட்டுக்குப் போ" என்று சீறினாள் தெயானிரா.

"போக மாட்டேன் அக்கா. உங்களைப் பார்த்து இவங்க சிரிக்கும்போது எப்படிப் போறது?" அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "மீன் என்னைப் பாறைக்கு இழுத்துட்டுப் போச்சு. நரம்பை அறுத்து விட மனசு வரல. ஒரு அலை துடுப்பைப் பிடுங்கிட்டுப் போயிடுச்சு. அவ்வளவுதான், முடிஞ்சோம்னு நினைச்சேன். இந்த அக்கா மிதவைக்கு இந்தப் பக்கமே நங்கூரம் போட்டு, தூண்டிலை வீசி நரம்பை என் மடியில விழ வெச்சாங்க. எடுத்து கயாக்குல கட்டினேன். அந்த அலையை எதிர்த்து என்னையும் கயாக்கையும் மீனையும் சேர்த்து ரீல்லயே சுத்தி இழுத்தாங்க."

ஒல்மேதோ குனிந்து அந்த ரீலைக் கையில் எடுத்தார்.

"பல் சக்கரம் கரகரன்னு அரையற சத்தம் எனக்கே கேட்டுச்சு. அக்கா நிறுத்தல. நான் மிதவைக்கு இந்தப் பக்கம் வந்தப்புறம்தான் அது உடைஞ்சுது. தன்னோட மாத்துத் துடுப்பைக் குடுத்து, 'ஓடு, மணி அடிச்சிடும். இட்செல் காதுல விழாம பார்த்துக்கோ'ன்னு என்னை முன்னாடி அனுப்பிட்டாங்க."

ஒல்மேதோ ரீலின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். சக்கரத்தின் பற்கள் மழமழவென்று தேய்ந்திருந்தன. உள்ளே எண்ணெய் மினுமினுத்தது. துரு ஒரு பொட்டுகூட இல்லை.

தொப்பியைக் கழற்றினார்.

"இதுல உப்பு போகவே இல்லை" என்றார் மெல்ல. "இப்படி ஒரு ரீல் என் கடையில கிடையாது, தெயா."

தெயானிரா முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.

எலோய்சா பெருமூச்சோடு பார்கோவை இறக்கினாள். "போட்டி விதின்னா விதிதான். அப்போ கோப்பையை யாருக்குக் குடுக்கிறது?"

எவேலியோ காலிக் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, கால்களை மடக்கித் தொங்கினான்.

"தெயா அக்கா பிடிச்சது என்னைத்தான். எடை போடுங்க!"