இல்லாத முள்

கல்யாண வரவேற்பு மேடையில், பழைய ரெக்கார்டு பிளேயருக்குப் பக்கத்தில் புது டிஜிட்டல் பாட்டுப் பெட்டி பதற்றத்தோடு உட்கார்ந்திருந்தது. இன்று தேறாவிட்டால் நாளை கடைக்கே திரும்ப வேண்டியதுதான்.

“டிஜே ஜெரால்டு ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் குனிந்து, தூசி போக என் முள்ளை ஊதுவார், தம்பி. முப்பது வருஷ மரியாதை. உனக்குத்தான் முள்ளே இல்லையே” என்றது பிளேயர்.



மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடையேறிக் குதித்தார்கள். பலகை அதிர்ந்து முள் துள்ள, பாடகர் ஒரே வரியை ஏழு முறை, சரியாகச் சொன்னால் ஏழரை முறை, பாடினார். கூட்டம் சிரித்தது. ஜெரால்டு அவசரமாகப் பெட்டியிடம் திரும்பி, பழக்கதோஷத்தில் குனிந்து ஊதிவிட்டு, பொத்தானை அழுத்தினார். மேடை ஆடியது, பாட்டு அசையவில்லை. கூட்டம் இன்னொரு பாட்டு வேண்டும் என்றது. ஜெரால்டு மறுபடியும் குனிந்து ஊதினார்.

எல்லா விளக்குகளும் மின்ன, பெட்டி சொன்னது: “பார்த்தீர்களா அண்ணே, இல்லாத முள்ளுக்கே இவ்வளவு மரியாதை.”