நாலாவது கட்டம்

வெள்ளைப் பலகையில் நாலாவது கட்டத்தை மூன்றாம் முறையாக அழித்தேன்.

"இன்னா மேடம், காலைலேந்து போடறீங்க, அழிக்கிறீங்க. ஸ்டூடன்ட், எக்ஸாம், மார்க்கு. மூணு டேபிள் போதும். மார்க்கு இல்லன்னா ஆப்சென்ட்டு. அவ்ளோதான?"

தமிழ்க்குமரன், லேப் உதவியாளன். கல்லூரியின் தேர்வு விவரங்களை எல்லாம் டேட்டாபேஸில் ஏற்றும் வேலை எங்கள் இருவர் தலையில் விழுந்திருந்தது. மதியத்துக்குள் பிரின்சிபாலுக்குக் காட்ட வேண்டும்.

அவ்வளவுதானாம். பேசுகிறான் பார்!

ஜன்னலுக்குக் கீழே, ஆபீஸ் வாசலில் சுகன்யா நின்றிருந்தாள். பாகூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண். போன தேர்வில் என் பாடத்தில் மட்டும் அவளுக்கு ஆப்சென்ட்.

'நான் எழுதினேன் மிஸ்' என்று மேசை மேசையாகப் போய் நின்றாள். லிஸ்ட்டில் மார்க் இல்லையே, அடுத்த வருஷம் எழுது என்றார்கள். ஹாலில் கையெழுத்து வாங்கிய தாளை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. என் மேசைக்கும் வந்தாள். நான் எதையோ தேடுவதுபோல டிராயரை இழுத்துக்கொண்டிருந்தேன்.

படித்தது போதும் என்று சொல்லிவிட்டார் அவள் அப்பா வீரப்பன். இன்று டி.சி. வாங்க வந்திருக்கிறார்கள்.

எனக்குக் காலையில் டிபன் இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும்போல் இருந்தது, எழுந்தால் ஜன்னலுக்குத்தான் கால் போனது.

"மேடம், டைம் ஆவுது."

"தெரியுது, சும்மா இரு!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்.

மார்க்கரைத் திறந்தேன். நாலாவது கட்டத்தை மறுபடி போட்டேன். ஹாலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள், அவர்களுடைய விடைத்தாள் எண். அதிலிருந்து மார்க் கட்டத்துக்கு ஒரு கோடு இழுத்தேன்.

கோட்டை நெருங்கி வந்து பார்த்தான் தமிழ்க்குமரன்.

"அட! கையெழுத்து இருந்து மார்க்கு இல்லன்னா, பேரு தானா வந்து நிக்கும். பேப்பர யாராச்சும் தொலைச்சாக்கூட மாட்டிக்குவாங்க. செம மேடம்! எங்க புடிச்சீங்க இத?"

"போன எக்ஸாம்ல மூணாவது கேள்வி. இதே டேட்டாபேஸத்தான் டிசைன் பண்ணச் சொல்லியிருந்தேன். மூணு டேபிளோட நிறுத்திட்டாங்க எல்லாரும். சுகன்யா மட்டும் நாலாவது போட்டிருந்தா."

"அவதான் எழுதவேயில்லியே மேடம்?"

கீழே வீரப்பன் கையெழுத்துப் போட யாரிடமோ பேனா கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலை போனால் போகட்டும். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு படியில் ஓடினேன். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தக் கூடாத விடைத்தாள் கட்டு. அதிலிருந்து நழுவிய ஒரு தாள், இருபது நாளாக வண்டி சீட்டுக்கு அடியில், மழைக்கோட்டுக்குள் கிடக்கிறது.

எழுபத்தொன்று. சிவப்பு மையில் நான் போட்டதுதான்.