போயான் மாமாவின் நீலப் பேனா

"இனிமே உங்க சிவப்புப் பேனாவை என் பொண்ணு நோட்டுல வைக்காதீங்க சார்!"

அந்த ஜப்பானியக் கிராமப் பள்ளியின் ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது. யோஷிமி ஆரஞ்சுத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. ஆங்கில ஆசிரியர் குரமோச்சி பதறி எழுந்து, வழக்கம்போல முதலில் தலை குனிந்தார்.

"என்னம்மா, தப்பாத் திருத்திட்டேனா?"

"தப்புன்னு சொல்லலை. மிஹாருவுக்கு மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் பதினெட்டே நாள். மத்த பாடமெல்லாம் கரைச்சுக் குடிச்சிட்டா. இங்கிலீஷ்ல கட்டுரை எழுதுன்னாத்தான் கை நடுங்குது. இதுல கோட்டை விட்டா, மூணு வருஷம் தினமும் மலையைத் தாண்டி வேற ஸ்கூலுக்கு பஸ்ல போய்ப் படிக்கணும்."

"எழுதச் சொல்லுங்க. நான்தான் திருத்தித் தர்றேனே."

"நீங்க திருத்தித் தர்றீங்க. அதைத் தூக்கிக்கிட்டு அவ ரொட்டிக் கடை வெள்ளைக்காரர் போயான்கிட்ட ஓடறா. எதுக்கு ரெண்டு வேலை? நேரா அங்கேயே போகட்டும்."

குரமோச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நான் திருத்தினதைப் பார்த்து அவர் என்ன சொல்றார்?"

"நீங்க எழுதினதையேதான் அவரும் எழுதறார்."

"அப்புறம் என்னம்மா வித்தியாசம்?"

"அவர் எழுதினா நம்பலாமே சார்!"

பக்கத்து மேசைக் கணக்கு ஆசிரியர் சிரிப்பை மறைக்கத் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க" என்று மகளின் நோட்டை விரித்து நீட்டினாள் யோஷிமி. "நீங்க புத்தகத்தைப் பார்த்துப் படிச்சவர். அவர் பொறந்தப்பவே இங்கிலீஷ்ல அழுதிருப்பார். இந்த நீலப் பேனா எழுத்தைப் பாருங்க. அச்சு கோத்த மாதிரி ஒவ்வொரு எழுத்தா எழுதியிருக்கார். எவ்வளவு பொறுமை!"

குரமோச்சி பார்த்தார். சுவரில், 'வீட்டுப்பாட உதவி, தினமும் மாலை நான்கு மணி' என்று அவரே எழுதி ஒட்டிய தாள் இரண்டு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வகுப்பை ஈ காக்கை எட்டிப் பார்த்ததில்லை. அவருடைய உச்சரிப்பைப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் பேசிக் காட்டிச் சிரிப்பது அவருக்கும் தெரியும். அதே நான்கு மணிக்கு ரொட்டிக் கடையில் நோட்டுகள் குவிவது ஊருக்கே தெரியும். வேறு ஆளாயிருந்தால் வயிறு எரிந்திருக்கும். இந்த மனிதர் முகத்தில் எள்ளளவு கோபமும் இல்லை.

"சரிம்மா, அவர்கிட்டயே போகட்டும். புள்ளைக்கு எழுத வந்தா சரி. ஆனா தினமும் ஒரு கட்டுரை எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. ஒரு நாள்கூட விடக் கூடாது."

"அதை நீங்க சொல்லித்தான் தெரியணுமா?" என்று சொல்லிவிட்டுப் போனாள் யோஷிமி.

மார்ச் மாதம் முடிவுகளை ஒட்டினார்கள். பலகையில் மிஹாருவின் எண் இருந்தது.

அன்று மாலை ரொட்டிக் கடை மூடும் நேரத்துக்கு, ஒரு கூடை ஆரஞ்சோடு தாயும் மகளும் வந்து நின்றார்கள்.

"போயான் மாமா, பாஸ்! கை நடுங்கவே இல்லை. பதினெட்டு நாள் எழுதின பழக்கம், தானா ஓடிச்சு!"

தாடியெல்லாம் மாவாக நின்ற போயான் கைகொட்டிச் சிரித்தார். "எழுதினது நீ. நான் என்ன பண்ணேன்?"

"பண்றதையும் பண்ணிட்டு! ஒரு நாளாவது உடனே திருத்திக் குடுத்தீங்களா? 'வெச்சுட்டுப் போ, நாளைக்கு வா'ன்னு விரட்டுவீங்க."

"ரொட்டி மாவும் கட்டுரையும் ஒரு ராத்திரி புளிக்கணும்மா."

அப்போதுதான் யோஷிமி, தட்டில் ஒற்றை பன்னோடு மூலையில் நின்ற குரமோச்சியைக் கவனித்தாள். "அட, நீங்களும் இங்கதான் படிக்க வர்றீங்களா சார்?"

"ஆமாம்மா, தினமும் வந்துடுவேன்."

"அம்மா!" என்று மிஹாரு அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு ஆசிரியரைப் பார்த்து நன்றாகக் குனிந்து வணங்கினாள். குரமோச்சிக்கு மனம் நிறைந்துவிட்டது.

யோஷிமி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். மூன்று நாளாகப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் உருப்போட்டு வைத்திருந்த ஒரே ஒரு ஆங்கில வாக்கியத்தைப் போயானைப் பார்த்து மூச்சு விடாமல் ஒப்பித்தாள். போயான் நெஞ்சில் கை வைத்து, முகமெல்லாம் மலர, இடுப்பு வரை குனிந்தார்.

"பார்த்தியா, அவருக்கு முழுசாப் புரிஞ்சிடுச்சு!" என்று மகளிடம் கிசுகிசுத்தபடி, தரையில் கால் பாவாமல் வெளியே போனாள் அவள்.

போயான் கதவில் தொங்கிய பலகையை 'கடை மூடியாச்சு' பக்கம் திருப்பி மாட்டினார். கல்லாவுக்கு அடியிலிருந்து பதினான்கு நோட்டுகளை எடுத்து, ஒரு பென்சிலோடு குரமோச்சியின் முன்னால் வைத்தார்.

"திருத்தி வெச்சுடுங்க சார், விடியக்காலைல நீலப் பேனால பார்த்து எழுதிடறேன். ஆமா, அந்தம்மா கடைசியா இங்கிலீஷ்ல ஏதோ சொன்னாங்களே, என்னது அது? நமக்குத்தான் பல்கேரிய மொழியையும் ஜப்பானிய மொழியையும் விட்டா வேற எதுவும் தெரியாதே!"

"'உங்கள மாதிரி ஒரு இங்கிலீஷ் வாத்தியார் கிடைக்க இந்த ஊர் குடுத்து வெச்சிருக்கணும்'னு சொன்னாங்க" என்றபடி முதல் நோட்டைத் திறந்தார் குரமோச்சி.