ஆறு படங்களும் ஒரு கல்லும்

கல்லைத் தொடுவதற்கு முன் வீரய்யா வலது கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டான்.

கண்ணை மூடினான். வாய்க்குள்ளேயே எண்ண ஆரம்பித்தான்.

பொங்கலுக்காக மாரியம்மன் கோயில் வாசலில் கூடியிருந்த தோட்டத்து வரிசை வீட்டுச் சனம், மேட்டு லயமும் பள்ளத்து லயமுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"என்னடா மாப்ள, பல்லு வலிக்குதா?" என்றது ஒரு குரல்.

அவன் எண்ணிக்கொண்டே இருந்தான். நடுவில் பேசினால் எண்ணிக்கை விட்டுப்போகும்.

பெண்களுக்குப் பின்னால் நின்ற வேலாயிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

கல்லை நெஞ்சு வரை தூக்கிவிட்டால் அவள், அத்தை மகன் வீரய்யாவுக்கு. தூக்காவிட்டால், ஹல்துமுல்லைத் தோட்டத்திலிருந்து பெண் கேட்டு வந்து, அதோ பாயில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுகிற பெரிய தோள்காரனுக்கு.

அப்பா முத்திருளனின் ஏற்பாடு அது. இந்தியாவில் மேலூர்ப் பக்கத்தில் தானும் கல் தூக்கித்தான் பெண் எடுத்ததாக மடுல்சீமைத் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"அந்தக் கல்ல நானுந்தான் பாத்தேன். தேங்கா அளவு இருந்துச்சு," என்பாள் அம்மா.

இது தேங்காய் அளவு இல்லை. தீபாவளிக்கு மறுநாள் இரண்டு பேர் சேர்ந்து ஓடையிலிருந்து உருட்டி வந்த உருண்டைக் கல். பொங்கல் வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்றும் அப்பா சொல்லிவிட்டார்.

வீரய்யாவோ தேயிலை ஸ்டோரில் சல்லடை பிடிக்கிறவன். கொழுந்துக் கூடையை மாட்டிவிட்டால் எதிரே வருகிறவர்களுக்குக் கூடைதான் முதலில் தெரியும்.

தொரை பங்களா சமையல்காரர்தான் அவனுக்கு வழி காட்டினார். ஓர் இங்கிலீஷ் பத்திரிகைத் தாள். அதில் மீசைக்கார வெள்ளைக்காரன், ஆறு படங்களில். ஆறையும் தினம் செய்தால் அறுபது நாளில் அதே உடம்பு வரும் என்று சமையல்காரர் சத்தியம் செய்தார். அவருக்கும் படிக்கத் தெரியாது.

வெள்ளைக்காரன் கையில் இரும்புக் குண்டுகள். வீரய்யாவின் ஒரு கையில் அம்மிக் குழவி, மறு கையில் ஓடைக் கல். வெள்ளைக்காரன் இழுத்தது ரப்பர் வார். இவன் இழுத்தது கதவு நிலையில் கட்டிய கூடைக் கயிறு.

"தொரை குடுத்த வீட்டு நெலைடா, பேத்து எடுத்துறாத!" என்று அத்தை அலறுவாள்.

ஐந்து படங்களில் வெள்ளைக்காரன் சட்டை போடவில்லை. ஆறாவதில் சட்டை போட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து நின்றான்.

தாளின் ஓரத்தில் அச்சடித்த பல்வலி மருந்து விளம்பரம் அது. முகத்தைப் பார்த்த வீரய்யா, ஆறிலும் இதுதான் கடினம் என்று முடிவு செய்தான். ஒரு நாள் கூட அதை விட்டதில்லை.

வீரய்யா வீட்டுக்கும் வேலாயி வீட்டுக்கும் இடையிலிருந்த லயத்து நடுச்சுவர் கூரை வரை போகாது. விடியற்காலையில், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்பே அந்தப் பக்கத்திலிருந்து "ஒண்ணு... ரெண்டு..." வரும். போகப் போக எண்ணுகிறானா அழுகிறானா என்று தெரியாது.

இந்தப் பக்கம் வேலாயி முந்தானையைக் கடித்துக்கொள்வாள்.

"மச்சான், எட்டுக்கப்புறம் ஒம்போது வரணும். நேரா பத்துக்குப் போயிட்டீங்க."

"நீ ஒலையப் பாரு புள்ள!"

இப்போது கன்னத்திலிருந்து கை இறங்கியது. குனிந்து கல்லைக் கட்டிப்பிடித்தான்.

கல் முழங்கால் வரை வந்தது. அங்கேயே நின்றது.

ஹல்துமுல்லைக்காரன் மெல்லுவதை நிறுத்தினான்.

பிறகு தொடை. வயிறு. நெஞ்சு.

"போதும், போதும்!" என்று முதலில் கத்தியது அம்மாதான். கல் தொப்பென்று விழுந்தது, அப்பாவின் கால்விரலுக்கு ஒரு சாண் தள்ளி.

முத்திருளன் காலைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். "சரி, கட்டிக்க," என்றார்.

தப்பு முழங்கியது. வீரய்யா நேரே வேலாயியிடம் வந்தான்.

"பாத்தியா புள்ள? ஒங்களுக்கெல்லாம் அந்தக் கனம் சொன்னா வெளங்காது."

"ஆமாங்க மச்சான்," என்றாள் வேலாயி. செம்மண் ஏறிய நகங்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஐப்பசியிலிருந்து பெய்த மழையில் கல் பாதி புதைந்து கிடந்தது. அதை எந்த மீசைக்காரனாலும் அசைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அன்று விடியும் முன், குடத்தோடு அப்பாவின் அலவாங்குக் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு வந்து, சுற்றியிருந்த மண்ணைக் கிளறிவிட்டாள்.

மண் விட்டதா என்று பார்க்கத்தான் கல்லைக் கட்டிப்பிடித்தாள்.

அது தோளில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சுவருக்கு இந்தப் பக்கம் அவள் அத்தனை நாளும் சும்மா சிரித்துக்கொண்டிருக்கவில்லை. அவன் தூக்கும்போதெல்லாம் அவளும் தன் வீட்டுக் குழவியைத் தூக்கினாள். முதலில் கேலிக்கு. பிறகு துணைக்கு. அவன் களைத்துக் கீழே வைத்த பிறகும் ஏழெட்டுத் தடவை, வெறும் ஆசைக்கு.

பனிமூட்டத்தில் யாரும் இல்லை. கல்லோடு கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

பிறகு, கை வழுக்காத பக்கம் அவனுக்கு வரும்படி மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, தண்ணீருக்குப் போனாள்.