வேலை குடுக்கற வேலை

"நோகாம நுங்கு திங்கறதுக்கு இங்கிலீஷ்ல என்ன வார்த்தை போடறது?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கடுகடுத்தாள் துர்கா.

விருத்தாசலத்தில் அந்தப் பீங்கான் பொம்மைக் கம்பெனிக்கு அவள் வேலைக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகிறது. கொலு பொம்மை வாங்க நாளைக்கு மெட்ராஸிலிருந்து பெரிய கடைக்காரர்கள் வருகிறார்கள். எல்லார் கழுத்திலும் பேரும் வேலையும் போட்ட கார்டு தொங்க வேண்டும், அதுவும் இங்கிலீஷில். மொதலாளி அமீனுதீனின் உத்தரவு.

"ஒரு கார்டுகூட வேலை போடாம இருக்கக்கூடாதும்மா. சும்மா குந்தியிருக்கற ஆளுக்கு ஏன் சம்பளம்னு கேப்பாங்க. பெரியநாயகி கார்டை மட்டும் எங்கிட்ட காட்டிட்டுக் குடு" என்றிருந்தார்.

ஓகோ, மொதலாளி கண்ணுலயும் பட்டுடுச்சா! துர்காவுக்குக் குஷியாக இருந்தது.

பின்னே? பெயிண்டிங் செக்ஷனில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள் பெரியநாயகி. பிரஷ்ஷைத் தொடவே மாட்டாள். "ராஜம்மா, நீ கண்ணு எழுது. சொர்ணம், நீ புடவைக் கரை போடு" என்று வாய் மட்டும்தான் வேலை செய்யும்.

அகராதியைப் புரட்டினாள். அசைன்? அது வாத்தியார் வீட்டுப்பாடம் குடுக்கிற மாதிரி. அலாட்? ரேஷன் கடை ஞாபகம் வந்தது. டெலிகேட்? 'தன் வேலையை நம்பி இன்னொருவரிடம் ஒப்படைத்தல்.' ஆமா, இந்தம்மா பெரிய கலெக்டர்!

நேரே போய்க் கேட்டேவிட்டாள். "அக்கா, கார்டுல போடணும். நீங்க இங்க என்னதான் வேலை பாக்கறீங்க?"

பெரியநாயகி முகம் செத்துப்போனது. "வேலை பிரிச்சுக் குடுக்கறேன் பாப்பா. அதுவும் வேலைதானே?"

ராஜம்மாள் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு எழுந்தாள். துர்காவின் கையைப் பிடித்துச் சூளைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"பொம்மைக்குக் கண்ணு எழுதறதுல அவங்களை அடிச்சிக்க ஆளே இல்ல பாப்பா. தைக்கு அப்புறம் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. புள்ளையாருக்குக் கண்ணு வெச்சா தும்பிக்கையில வந்து நிக்குது. 'ஓசிச் சோறு வேணாம், நின்னுக்கறேன்டி'ன்னு கெளம்பிட்டாங்க. தனிக்கட்டை. வூட்ல யாரு இருக்குது சோறு போட?"

"அப்புறம்?"

"நாங்க சண்டை போட்டோம். 'நான்தான் கண்ணு எழுதுவேன், நீ கரை போடுடி'ன்னு ஒரு வாரம் குடுமிப்பிடி சண்டை. எல்லாம் பொய்ச் சண்டைதான். பாய் ஓடியாந்து, 'பெரியநாயகி, நீங்களே பிரிச்சுக் குடுங்கம்மா, இல்லன்னா கம்பெனிய மூட வேண்டியதுதான்'னுட்டாரு. அதுலதான் தங்குனாங்க. நாங்க நடிச்சது அவங்களுக்கும் தெரியாது, பாய்க்கும் தெரியாது. அவங்க வயித்துல அடிச்சிடாத பாப்பா."

துர்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். திரும்பி வந்து அகராதியில் அதே பக்கத்தைத் திறந்தாள். தன் வேலையை நம்பி இன்னொருவரிடம்... அந்தக்கா செய்தது அதைத்தானே? டெலிகேட் என்றே அடித்து மொதலாளியிடம் நீட்டினாள்.

"அப்படின்னா என்னம்மா?"

"தன்னோட வேலையை மத்தவங்களை நம்பி ஒப்படைக்கறது சார். அவங்க இல்லன்னா மறுபடி சண்டை வந்துடும் சார். அவ்வளவு பெரிய சண்டையாம்!"

அமீனுதீன் கார்டைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல வார்த்தை, இதையே போடு. நீ பாட்டுக்கு ஹெல்ப்பர்னு அடிச்சிடப் போறியேன்னுதான் காட்டச் சொன்னேன்."

அப்பாடா! துர்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கதவுவரை போனவளைக் கூப்பிட்டார்.

"எனக்குத் தெரியும்னு அவங்க யாருக்கும் சொல்லிடாதம்மா. ஆனா நீயே சொல்லு, ஒரு வாரம் பீங்கான் பொம்மைங்களுக்கு நடுவுல நின்னு அப்படிச் சண்டை போட்டாங்களே, ஒரு பொம்மையாவது ஒடைஞ்சுதா?"